ஃபிளாஷைக் கண்டால் ஏன் ஒதுங்குகிறோம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமரா வாங்கி ஓரிரு வருடம் ஆனவர்களோடு பேசினால் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படும். லென்ஸ் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். ஃபிளாஷ் என்றதும் பேச்சு நின்றுவிடும். அப்படிப்பட்டவர்கள் என்னிடம் கேட்டவையும், ஒரு காலத்தில் நானே மற்றவர்களிடம் கேட்டவையும் இங்கே.

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஃபிளாஷைத் தொடுவதே இல்லையே, ஏன்?

முதல் அனுபவம் அப்படி. சாயங்கால நேரம், வெளிச்சம் குறைந்த அறை, கேமரா ஆட்டோ முறையில் இருக்கிறது. அதுவாகவே தலையிலுள்ள குட்டி ஃபிளாஷைத் தூக்கி அடித்துவிடுகிறது. வந்த படத்தில் எல்லோரும் பேயறைந்த மாதிரி நிற்கிறார்கள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது, நெற்றியும் மூக்கு நுனியும் எண்ணெய் வழிவதுபோல் மின்னுகின்றன, கண் சிவந்திருக்கிறது, பின்சுவரில் ஆளுக்கொரு கறுப்பு நிழல். நேரில் பார்த்தபோது அறை நன்றாகத்தானே இருந்தது? அப்படியானால் கெடுத்தது ஃபிளாஷ்தான் என்று முடிவு கட்ட வேறென்ன வேண்டும்.

உறவினர் வீட்டுப் பிறந்தநாள் விழா ஒன்றில் நான் நாற்பது படம் எடுத்தேன். நாற்பதும் இந்த லட்சணம்தான். அன்று பெட்டியில் போட்ட ஃபிளாஷை இரண்டு வருடம் வெளியே எடுக்கவில்லை.

இதற்கு அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் ஒரு முகத்தில் எப்படி விழுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் படம் எடுக்கலாம். ஃபிளாஷ் முழுப் பலத்தில் அடித்தாலும் ஆயிரத்தில் ஒரு நொடி அளவில் வந்து போய்விடும்; பலம் குறைவாக வைத்தால் இன்னும் குறைந்த நேரம். அது எங்கே விழும், எந்தப் பக்கம் நிழல் போடும் என்பதைக் கிளிக் செய்வதற்கு முன் பார்க்க வழியில்லை. மனதுக்குள் கற்பனை செய்துதான் வைக்க வேண்டும். கண்ணை நம்பிப் பழகியவருக்கு அது இருட்டில் துழாவுவது மாதிரிதான். ஃபிளாஷ் மீது சொல்லப்படும் மற்ற குறைகளில் பாதி இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை என்பது என் எண்ணம்.

"எனக்கு இயற்கை வெளிச்சம்தான் பிடிக்கும்" என்பது ரசனையா, சாக்கா?

இரண்டும் உண்டு. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே பிரெசோன் ஃபிளாஷை விரும்பாதவர். இருக்கும் வெளிச்சத்துக்கு மரியாதை தர வேண்டும் என்பது அவர் கொள்கை. அது தெரிந்து எடுத்த முடிவு. அதே போல, 1930, 40களில் நியூயார்க் தெருக்களில் இரவெல்லாம் அலைந்த பத்திரிகைப் புகைப்படக்காரர் வீஜீ பெரும்பாலும் ஃபிளாஷை நம்பியே வேலை செய்தார். பிரிட்டனின் புகைப்படக்காரர் மார்ட்டின் பார், நல்ல பகல் வெளிச்சத்திலும் ஃபிளாஷ் அடித்து, பளிச்சென்ற அந்தச் செயற்கைத்தன்மையையே தன் முத்திரையாக்கிக்கொண்டார். இதுவும் ரசனைதான்.

ஆனால் நம்மில் பலர் சொல்லும்போது அது கொஞ்சம் வேறு மாதிரி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஃபிளாஷை ஒழுங்காக உபயோகிக்கத் தெரிந்த பிறகும் வேண்டாம் என்றால் அது ரசனை. அதற்கு முன் சொன்னால், பெரும்பாலும் பயம்.

முகம் வெளுத்தும் பின்னணி கரிக்கட்டையாகவும் வருவது எதனால்?

இரண்டு விஷயங்கள் சேர்ந்து செய்யும் வேலை இது.

முதலாவது, தூரம். சிறிய விளக்கிலிருந்து வரும் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும் என்று பள்ளியில் படித்திருப்போம். கேமராவிலிருந்து ஒரு மீட்டரில் இருப்பவர்மேல் விழும் ஒளியில், இரண்டு மீட்டரில் இருப்பவருக்குக் கால் பங்குதான் கிடைக்கும். மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு, நான்கு மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. முன்னால் நிற்பவர் முகம் சரியாக வரும் அளவுக்கு ஃபிளாஷ் அடித்தால், நான்கு மீட்டர் தள்ளியிருக்கும் சுவருக்கு ஏறக்குறைய ஒன்றும் போய்ச் சேராது. ஜன்னல் வெளிச்சத்தில் இந்தக் கொடுமை இவ்வளவு தெரியாது; ஜன்னல் பெரியது, பொதுவாக நாம் அதை முகத்துக்கு அருகே கொண்டு போய் வைப்பதுமில்லை.

இரண்டாவது, கேமராவின் முன்ஜாக்கிரதை. ஃபிளாஷ் எழும்பிவிட்டால் பல கேமராக்கள் ஆட்டோவிலும் புரோகிராம் முறையிலும் ஷட்டரை (ஒளியை உள்ளே விடும் கதவு) 1/60 நொடியைவிட நீண்ட நேரம் திறந்து வைக்காது. கை நடுங்கிப் படம் கலங்கிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அறையின் விளக்குகள் படத்தில் பதிய 1/60 போதாது. அறை இருட்டாகிவிடுகிறது, ஃபிளாஷ் விழுந்த முகம் மட்டும் மிதக்கிறது.

ஆக அறை இருண்டது ஃபிளாஷின் குற்றமில்லை. அறையின் சொந்த வெளிச்சத்தைப் படத்துக்குள் விடவில்லை, அவ்வளவுதான். ஷட்டரை 1/15 அல்லது 1/30 நொடி திறக்க வைத்து, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 800க்கு ஏற்றி, அதே இடத்தில் அதே ஃபிளாஷோடு மறுபடி எடுத்துப் பாருங்கள். சுவர், விளக்கு, அலங்காரம் எல்லாம் திரும்பி வந்து நிற்கும்.

1/15இல் கையால் பிடித்து எடுத்தால் ஆட்டம் விழாதா?

அறை வெளிச்சத்தில் பதியும் பகுதி கொஞ்சம் கலங்கலாம். முகத்தில் விழுவது முக்கியமாக ஃபிளாஷ் ஒளி. அது கண்ணிமைக்கும் நேரத்தைவிடச் சிறியது என்பதால் முகம் கூர்மையாகவே நிற்கும். ஆள் நடனமாடிக்கொண்டிருந்தால் கூர்மையான உருவத்தைச் சுற்றி ஒரு மங்கலான தீற்றல் வரும். சிலர் அதற்காகவே இப்படி எடுப்பார்கள்.

இதற்குக் கணக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா?

ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். எனக்கு அது புரிந்த நாளில்தான் ஃபிளாஷ் பெட்டியிலிருந்து வெளியே வந்தது.

ஃபிளாஷ் போட்டு எடுக்கும் ஒவ்வொரு படமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்த இரண்டு படங்கள். ஒன்று, அங்கே ஏற்கெனவே இருந்த வெளிச்சம் தந்த படம். மற்றது, ஃபிளாஷ் தந்த படம். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது முதல் படத்தை மட்டும்தான் பாதிக்கும். ஃபிளாஷ் நடுவில் பளிச்சென்று வந்து போய்விடுவதால், ஷட்டர் 1/30இல் இருந்தாலும் 1/125இல் இருந்தாலும் அதன் பங்கு மாறாது. அபெர்ச்சரும் (லென்ஸின் துளை; எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்) ஐஎஸ்ஓவும் இரண்டு படங்களையும் சேர்த்து ஏற்றும், இறக்கும். ஃபிளாஷின் பலத்தை மாற்றினால் இரண்டாவது மட்டும் மாறும்.

இதைக் கையால் செய்து பார்க்கும்வரை மண்டையில் ஏறாது என்பதும் உண்மை. கேமராவை மேனுவலில் வையுங்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டு, அறை கொஞ்சம் இருட்டாக, ஆனால் அடையாளம் தெரிகிற மாதிரி ஒரு படம் வரும்படி ஷட்டரையும் அபெர்ச்சரையும் அமைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஃபிளாஷை மிகக் குறைந்த பலத்தில் போட்டு, முகம் சரியாக வரும்வரை படிப்படியாக ஏற்றுங்கள். பத்துப் பதினைந்து படத்தில் விஷயம் பிடிபட்டுவிடும்.

ஃபிளாஷின் கையேட்டில் "கைடு நம்பர்" என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அதை அபெர்ச்சர் எண்ணால் வகுத்தால், ஐஎஸ்ஓ 100இல் ஃபிளாஷ் எத்தனை மீட்டர் எட்டும் என்று தெரியும். கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷுக்கு அது சுமார் 12 இருக்கும். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸை எஃப்/5.6இல் வைத்தால் 12ஐ 5.6ஆல் வகுக்க வேண்டும்: இரண்டு மீட்டர் சொச்சம், அதோடு சரி. ஐஎஸ்ஓவை 400ஆக்கினால் எட்டும் தூரம் இரட்டிப்பாகி நான்கு மீட்டரைத் தாண்டும். விளையாட்டரங்கின் மேல்வரிசையில் உட்கார்ந்து மைதானத்தைப் பார்த்து மினுக் மினுக்கென்று அடிக்கிறார்களே, அந்த ஒளி எங்கே போகிறது? முன்வரிசைக்காரரின் பின்மண்டைக்கு.

தொழில்முறைப் புகைப்படக்காரர் அதே ஃபிளாஷில் எடுத்தால் மட்டும் அழகாக வருகிறதே?

அவர் அதை உங்கள் முகத்தில் அடிப்பதில்லை. கவனித்துப் பாருங்கள்: ஃபிளாஷின் தலையைத் திருப்பிக் கூரையைப் பார்த்தோ, தனக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்தோ வைத்திருப்பார்.

ஒளி மென்மையாக இருப்பதும் முரட்டுத்தனமாக இருப்பதும் அது புறப்படும் இடம் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. பெரியது என்றால், படமாகும் ஆளின் இடத்திலிருந்து பார்க்கும்போது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று. சூரியன் பிரம்மாண்டமானது, ஆனால் நமக்குக் கட்டைவிரலால் மறைத்துவிடக்கூடிய வட்டம். அதனால் உச்சி வெயிலில் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறது. மேகம் மூடினால் வானம் முழுவதும் விளக்காகிவிடுகிறது, நிழல் கரைந்துவிடுகிறது. கேமரா ஃபிளாஷின் முகப்பு தீப்பெட்டி அளவு. கூரையில் பட்டுத் திரும்பினால், கூரையின் அந்தப் பகுதி முழுவதும் விளக்காகிறது.

இடமும் முக்கியம். ஒளி லென்ஸுக்குப் பக்கத்திலிருந்தே புறப்பட்டால் முகத்தின் மேடு பள்ளம் எதிலும் நிழல் விழாது. முகம் தட்டையாகத் தெரியும். விழும் நிழலும் ஆளுக்கு நேர் பின்னே சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். அதே விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தினால் மூக்குக்கு மூக்கின் வடிவம் வந்துவிடும். ஃபிளாஷ் வைக்க மிக மோசமான இடம் லென்ஸின் தலைக்கு மேல்தான். கேமரா தயாரிப்பாளர்கள் அதை அங்கே வைத்தது இட வசதிக்காக. நாம் எல்லோரும் முதன்முதலில் சந்திக்கும் ஃபிளாஷும் அதுவே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கூரையில் அடிப்பதிலும் சில சிக்கல்கள் உண்டு. வெளிச்சத்தில் பெரும்பகுதி வழியிலேயே போய்விடும். நாலில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோ மிஞ்சினால் அதிகம். ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டியிருக்கும். கூரை வெள்ளையாக இருக்க வேண்டும், பச்சைச் சுவரில் அடித்தால் ஆளும் பச்சையாக வருவார். ஆளின் நேர் தலைக்கு மேல் அடித்தால் கண்குழியில் நிழல் கட்டும். கொஞ்சம் பின்னால் சாய்த்து, பாதி கூரையிலும் பாதி சுவரிலும் படும்படி வைத்தால் தேவலை.

ஃபிளாஷின்மேல் வெள்ளை பிளாஸ்டிக் மூடி மாட்டினால் மென்மையாகிவிடாதா?

வெட்டவெளியில் ஆகாது. தீப்பெட்டிக்கு வெள்ளைக் காகிதம் ஒட்டினாலும் அது தீப்பெட்டி அளவுதான். அறைக்குள் அந்த மூடி ஒளியை நாலாபக்கமும் சிதறடித்துச் சுவர்களில் பட்டுத் திரும்பச் செய்வதால் ஓரளவு உதவும். வெளியில் மாட்டிக்கொண்டு திரிந்தால் பேட்டரிதான் வீண்.

கண் ஏன் சிவக்கிறது?

இருட்டில் கண்மணி விரிந்திருக்கும். ஃபிளாஷ் ஒளி உள்ளே நுழைந்து, விழித்திரைக்குப் பின்னாலுள்ள ரத்தக்குழாய் அடர்ந்த படலத்தில் பட்டு, ஏறக்குறைய வந்த வழியே திரும்புகிறது. ஃபிளாஷ் லென்ஸுக்கு ஒட்டினாற்போல் இருந்தால் திரும்பும் அந்தச் சிவப்பு ஒளி நேராக லென்ஸுக்குள் போகும். கொஞ்சம் தள்ளியிருந்தால் போகாது. நாய், பூனைக்கு விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பி அனுப்பும் தனிப் படலமே உண்டு, அதனால்தான் பச்சையும் மஞ்சளுமாக மின்னுகிறது. சிவப்புக் கண் தவிர்க்கும் வசதி, முன்கூட்டியே ஒளியை அடித்துக் கண்மணியைச் சுருங்க வைக்கப் பார்க்கும். அந்த இடைவெளியில் சிரிப்பும் சுருங்கிவிடுவதுதான் சோகம்.

பேர்தான் ஆட்டோ, ஒரு படம் வெளுத்தும் அடுத்தது இருண்டும் வருகிறது. கேமரா கோளாறா?

பெரும்பாலும் இல்லை. 1975இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-2, லென்ஸ் வழியாக வந்து ஃபிலிமில் பட்டுத் திரும்பும் ஃபிளாஷ் ஒளியை அந்தக் கணத்திலேயே அளந்து, போதும் என்றதும் ஃபிளாஷை நிறுத்தியது. ஃபிளாஷில் டிடிஎல் (லென்ஸ் வழியாக அளப்பது) என்று நாம் சொல்வதன் தொடக்கம் அதுதான். டிஜிட்டலில் கொஞ்சம் வேறு மாதிரி: கேமரா முதலில் ஒரு சின்ன ஃபிளாஷை அடித்து, திரும்பி வருவதை அளந்து, அதை வைத்து உண்மையான ஃபிளாஷின் பலத்தை முடிவு செய்கிறது. எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்பது அதன் அனுமானம். வெள்ளை உடைக்காரர்கள் படத்தை நிறைத்தால் "ஐயோ, இவ்வளவு வெளிச்சமா" என்று குறைத்துவிடும். கறுப்புக் கோட்டுக்காரர் வந்தால் ஏற்றிவிடும். பின்னால் கண்ணாடி இருந்தால் மொத்தமும் போச்சு.

மருந்து ஒன்றுதான்: ஃபிளாஷ் காம்பன்சேஷன் பொத்தான். வெளுத்தால் மைனஸ், இருண்டால் பிளஸ். இன்னொரு சங்கதி: முன்னோட்ட ஃபிளாஷுக்கே கண் சிமிட்டிவிடும் ஆட்கள் சிலர் இருப்பார்கள். எல்லாப் படத்திலும் கண்மூடி நிற்பவர் உங்கள் குடும்பத்திலும் இருந்தால் அவரைத் திட்டாதீர்கள். ஃபிளாஷை மேனுவலில் வைத்தால் முன்னோட்டம் இருக்காது.

ஆள் நீலம் பாய்ந்தும் அறை ஆரஞ்சாகவும் வருகிறதே?

ஃபிளாஷின் நிறம் நடுப்பகல் வெளிச்சத்துக்கு அருகில், சுமார் 5500 கெல்வின். மஞ்சள் குண்டு பல்பு 2800 அல்லது அதையொட்டி. கேமரா ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு விளக்கின் ஒளிக்குத்தான், வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சமன் செய்ய முடியும். ஃபிளாஷ் முகப்பில் ஆரஞ்சு ஜெல் தாள் ஒன்றை ஒட்டி, கேமராவின் ஒயிட் பேலன்ஸை (இந்த நிறச் சமன் அமைப்பு) டங்ஸ்டனுக்கு, அதாவது குண்டு பல்புக்கு, மாற்றினால் இரண்டும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். படம் எடுத்தபின் கணினியில் திருத்திக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒரே படத்தில் இரு நிறம் கலந்தபின் பிரிப்பது பெரும்பாடு.

பட்டப்பகலில் எதற்கு ஃபிளாஷ்?

ஃபிளாஷ் மிகவும் கைகொடுப்பது அப்போதுதான் என்றால் நம்ப மாட்டீர்கள். உச்சி வெயிலில் தொப்பி போட்டவரின் கண் தெரியாது. அஸ்தமனத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்பவரின் முகம் இருண்டுவிடும். வானத்துக்கு ஏற்றபடி எக்ஸ்போஷர் வைத்து, முகத்துக்கு மட்டும் ஃபிளாஷ் ஒரு துளி, காம்பன்சேஷன் மைனஸ் ஒன்று அல்லது ஒன்றரை. ஃபிளாஷ் அடித்ததே தெரியாது. முதலில் இதைப் பழகுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். சொதப்பினாலும் படம் பெரிதாகக் கெடாது.

ஒரு முட்டுக்கட்டை உண்டு. பெரும்பாலான கேமராக்களின் ஷட்டர் இரண்டு திரைகள். ஒன்று திறக்கும், மற்றது பின்னாலேயே வந்து மூடும். 1/200 அல்லது 1/250 நொடிவரை, ஒரு கணமாவது சென்சார் (படம் பதியும் தகடு) முழுவதும் திறந்திருக்கும். அதைவிட வேகம் கூடினால் முதல் திரை ஓடி முடிவதற்குள் இரண்டாவது புறப்பட்டுவிடும். ஒரு பிளவு மட்டும்தான் சென்சாரின் குறுக்கே நகரும். அப்போது ஃபிளாஷ் அடித்தால் படத்தில் கறுப்புப் பட்டை. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/200 என்றால் அபெர்ச்சர் எஃப்/11 பக்கம் போக வேண்டும். பின்னணி மங்கலாக வேண்டும் என்று எஃப்/2 லென்ஸ் வாங்கியவர் இங்கேதான் ஃபிளாஷை வெறுக்கிறார்.

ஹை ஸ்பீடு சிங்க் வசதி, பிளவு நகரும் நேரம் முழுவதும் ஃபிளாஷை வேகமாகத் துடிக்க வைத்துச் சமாளிக்கிறது. விலை: பலம் கால் பங்காகவோ அதற்கும் கீழாகவோ விழும். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருக்கும் ஃபூஜியின் எக்ஸ்100 போன்ற கேமராக்களுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஆல்ஃபா 9 மூன்றாம் தலைமுறைக் கேமராவில் சென்சார் முழுவதும் ஒரே கணத்தில் பதிவதால் தொல்லையே கிடையாது. மற்றவர்கள் இப்போதைக்கு ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரை லென்ஸில் மாட்டிக்கொண்டு காலம் தள்ளலாம்.

இப்போது ஐஎஸ்ஓ 6400இலேயே படம் சுத்தமாக வருகிறது. ஃபிளாஷ் இனி எதற்கு?

நியாயமான கேள்வி. 2007இல் நிக்கான் டி3 வந்தபோது ஐஎஸ்ஓ 6400 செய்தியாக இருந்தது, இன்று சாதாரணம். எஃப்/5.6 கிட் லென்ஸை விட்டு எஃப்/1.8 லென்ஸுக்கு மாறினால் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளி உள்ளே வரும். வெளிச்சம் போதாது என்பதற்காக மட்டும் ஃபிளாஷ் வைத்திருந்தவர்கள் அதைத் துறந்ததில் தப்பில்லை. நான்கூட வீட்டுக்குள் பாதி நேரம் அப்படித்தான்.

ஆனால் ஐஎஸ்ஓ வெளிச்சத்தின் அளவைத்தான் சமாளிக்கும். தலைக்கு மேல் ஒற்றை விளக்கு, கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புக் குழி என்றால் ஐஎஸ்ஓ 25600 வைத்தாலும் அதே குழிகள்தான், தெளிவாகத் தெரியும். திசையை மாற்ற வேறொரு விளக்கு வேண்டும். பூச்சிகளை மிக நெருக்கமாக எடுப்பவர்களைப் பாருங்கள். எஃப்/11 வைத்தால்தான் பூச்சியின் பாதியாவது ஃபோகஸில் வரும், பூச்சியோ சும்மா இருக்காது. அவர்களில் பலர் ஃபிளாஷ் இல்லாமல் கிளம்புவதே இல்லை.

போன் ஃபிளாஷ்?

அணைத்து வையுங்கள். போனில் இருப்பது பெரும்பாலும் எல்இடி, அதாவது ஒரு சின்ன டார்ச். கேமராக்களில் இருக்கும் செனான் குழாய் ஃபிளாஷுக்கு மின்தேக்கியில் 300 வோல்ட் அளவுக்குச் சேமித்து ஒரேயடியாகக் கொட்ட வேண்டும். மெல்லிய போனில் அதற்கு இடமில்லை. 2012இல் நோக்கியா 808, அடுத்த வருடம் லூமியா 1020 என்று சில போன்களில் வந்தது, நிலைக்கவில்லை. போனின் நைட் மோடு பல படங்களை அடுக்கிச் சேர்ப்பதால் அசையாத காட்சிக்கு ஃபிளாஷைவிடப் பல மடங்கு நன்றாக இருக்கும். ஒரு நல்ல உபயோகம்: நண்பரின் போனில் டார்ச்சைப் போட்டு, பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லி எடுங்கள்.

ஃபிளாஷ் அடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது.

இதைப் பலர் வெளியே சொல்வதில்லை, ஆனால் ஒதுங்குவதற்கு இது பெரிய காரணம். ஃபிளாஷ் இல்லாத கேமராக்காரர் பார்வையாளர். ஃபிளாஷ் அடித்த கணமே அவரும் நிகழ்ச்சியின் ஒரு பகுதியாகிவிடுகிறார். முதல் பளிச்சுக்கு அப்புறம் குழந்தை விளையாட்டை நிறுத்திவிட்டு உங்களையே பார்க்கும். இயல்பான கணம்தான் வேண்டும் என்றால் இந்தக் கூச்சத்துக்குக் காது கொடுப்பது சரி. மேடை நாடகம், நாட்டியம், அருங்காட்சியகம் இவற்றில் கூச்சப்படாதவரும் அடிக்கக் கூடாது: மேடையில் இருப்பவரின் கண் கூசும், ஒளியமைப்பாளரின் உழைப்பு பாழாகும், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருள் படத்தில் வெள்ளைப் புள்ளியாகத்தான் வரும்.

கூட்டத்தில் கூரையில் பட்டு வரும் ஃபிளாஷ் இவ்வளவு உறுத்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணில் நேராக அடிக்காதவரை ஐந்து நிமிடத்தில் பழகிவிடுகிறார்கள்.

கைக்குழந்தையின் கண்ணுக்குக் கெடுதலா?

வழக்கமான தூரத்திலிருந்து அடிக்கும் சாதாரண ஃபிளாஷ் கண்ணைக் கெடுப்பதற்கு ஆதாரம் இல்லை. கண் கூசும், எரிச்சல் வரும், அதனால் முகத்தருகே வைத்து அடிக்காதீர்கள். மாறாக, ஃபிளாஷ் படம் உதவிய சந்தர்ப்பங்களும் உண்டு. ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் பிரகாசித்தால், குறிப்பாகப் பல படங்களில் அதே கண் அப்படி வந்தால், குழந்தையைத் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தையின் பார்வைக் கோணம் காரணமாகவும் அப்படித் தெரியலாம். ஆனால் கண்புரையோ விழித்திரைப் புற்றுநோயோகூட முதன்முதலில் இப்படி வெளிப்படுவதுண்டு. வலிப்பு நோய் உள்ளவர்களில் சிலருக்கு மினுக் மினுக்கென்று தொடர்ந்து அடிக்கும் ஒளி ஆகாது, அவர்கள் முன்னால் தொடர் ஃபிளாஷைத் தவிர்க்க வேண்டும்.

இரவில் எடுத்த படத்தில் வட்ட வட்டமாக ஏதோ மிதக்கிறது. ஆவியா?

தூசி. லென்ஸுக்கு மிக அருகில் பறக்கும் தூசியோ மழைத்துளியோ ஃபிளாஷ் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஃபோகஸில் இல்லாததால் வட்டமாக விரிகிறது.

அந்தக் காலத்திலும் இந்தப் பயம் இருந்ததா?

அந்தக் காலத்தில் பயப்படுவதற்கு உண்மையான காரணம் இருந்தது. 1887இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேயும் யோஹன்னஸ் கேடிக்கேயும் உருவாக்கிய ஃபிளாஷ் பொடி, மக்னீசியம் கலந்த வெடிமருந்து போன்றது. நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளை இரவில் படமெடுத்த பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ், அந்த வேலையில் இரண்டு முறை வீட்டுக்கும் ஒரு முறை தனக்குமே தீ வைத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறார். 1929 வாக்கில் ஜெர்மனியில் கண்ணாடி பல்புக்குள் அடைத்த ஃபிளாஷ் விற்பனைக்கு வந்தது: ஒரு பல்புக்கு ஒரு படம், அப்புறம் குப்பை. 1930களில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஹரால்ட் எட்ஜர்ட்டன் செய்த வேலையால்தான் திரும்பத் திரும்ப அடிக்கும் மின்னணு ஃபிளாஷ் பரவியது. அதோடு ஒப்பிட்டால் நம் பயத்துக்குக் காரணம் பேட்டரி தீர்ந்துபோவதும், முழுப் பலத்தில் அடித்தபின் மறுபடி தயாராகச் சில நொடி காத்திருப்பதும்தான்.

பரணில் கிடந்த பழைய ஃபிளாஷை மாட்டலாமா?

நேரடியாக மாட்டாதீர்கள். சில பழைய ஃபிளாஷ்கள் கேமராவின் தொடர்பு முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் அனுப்பும். டிஜிட்டல் கேமரா பழுதாகிவிடலாம். கம்பியில்லாமல் ஃபிளாஷை அடிக்க வைக்கும் விலை குறைந்த ரேடியோ ட்ரிகர் ஒன்றை இடையில் போட்டால் கேமராவுக்கு ஆபத்தில்லை, ஃபிளாஷும் கேமராவை விட்டு விலகி நிற்கும். கெட்டுப்போன ஃபிளாஷைத் திருகாணி கழற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். பேட்டரியை எடுத்தபின்னும் மின்தேக்கி நல்ல அடி அடிக்கும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

தலை திரும்பும் வசதியுள்ள, மேனுவலில் பலம் மாற்றக்கூடிய ஃபிளாஷ் ஒன்று, ஒரு ட்ரிகர். இவை போதும், ஒளியை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ், குடை எல்லாம் பிறகு. படமெடுக்க ஆள் வேண்டாம், பத்து நிமிடத்தில் பொறுமையிழந்துவிடுவார்கள். ஒரு பொம்மையையோ காய்கறியையோ மேசையில் வையுங்கள், மூக்குள்ள பொம்மையாக இருந்தால் நல்லது. அமைப்பு எதையும் மாற்றாமல் ஃபிளாஷை மட்டும் நகர்த்தி எடுங்கள்: லென்ஸுக்கு மேலே, இடப்பக்கம், வலப்பக்கம், பின்னால், கூரையில், கீழிருந்து. அப்புறம் ஒரே இடத்தில் வைத்து அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று தள்ளிக்கொண்டே போங்கள். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். கீழிருந்து எடுத்ததை மட்டும் வீட்டில் குழந்தைகளிடம் காட்டாதீர்கள், பொம்மையை மறுபடி தொட மாட்டார்கள்.